ஐந்து பேர், மூன்று சைக்கிள், ஒரு கார்

திருநெல்வேலி பெருமாள்புரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் ஐந்து பேர்: அவர், மனைவி, பிளஸ் ஒன் படிக்கும் மகள், ஆறாம் வகுப்பு மகன், எழுபது தாண்டிய ஆச்சி. சைக்கிள் மூன்று: அவருடைய 29 இஞ்ச் கியர் சைக்கிள், மகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள், மகனுடைய 20 இஞ்ச் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை பாபநாசம், மணிமுத்தாறு, கூந்தன்குளம் பக்கம் போய்ப் பிள்ளைகளோடு ஓட்டிவிட்டு வர ஆசை. இப்போது இருப்பது ஒரு சின்ன கார். எர்டிகா வாங்கலாமா, கேரன்ஸா, இல்லை பழைய இன்னோவா ஒன்றைப் பிடிக்கலாமா என்பது கேள்வி.

கேள்வி கார் பெயரில் இருக்கிறது. ஆனால் அவர் உண்மையில் கேட்பது, ஐந்து பேரும் மூன்று சைக்கிளும் ஒரே நேரத்தில் எந்த வண்டிக்குள் அடங்கும் என்பதுதான். அதற்கு நேரான பதில்: அவர் சொன்ன மூன்றில் எதற்குள்ளும் அடங்காது. இதைத் தெரிந்துகொண்டு ஷோரூமுக்குப் போனால் பாதி குழப்பம் தீரும். அடங்காத சைக்கிள் எது, அதை எங்கே வைப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். கார் அதற்குப் பிறகு தானாக முடிவாகும். பாளையங்கோட்டையில் கார் பட்டறை வைத்து, கேரியர் மாட்டுவதும் சீட் வேலையும் பல வருஷமாகச் செய்து வருகிறேன். நானும் சைக்கிள் ஓட்டுகிறவன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கைத் தள்ளி வைத்துவிடலாம். எல்லாரும் டிக்கி அளவை லிட்டரில் ஒப்பிடுகிறார்கள். எர்டிகாவில் மூன்றாவது வரிசை நிமிர்ந்திருக்கும்போது 209 லிட்டர், மடித்தால் 550. கேரன்ஸில் நிமிர்த்தி வைத்தால் 216. ரெனோ டிரைபரில் மூன்றாவது வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்தால் 625. அரிசி மூட்டையும் பெட்டியும் ஏற்றுகிறவருக்கு இந்த எண் உதவும். சைக்கிளுக்கு உதவாது. சைக்கிள் நீளமானது, தட்டையானது, நாலு பக்கமும் முட்டிக்கொண்டு நிற்பது. 625 லிட்டர் இடம் இருந்தும் ஹேண்டில்பார் கதவில் இடித்தால் டிக்கி மூடாது. உங்களுக்கு வேண்டியது சென்டிமீட்டர்.

அந்தச் சென்டிமீட்டரைச் சொல்கிறேன். பெரியவர்கள் ஓட்டும் 29 இஞ்ச் சைக்கிள் முன் டயரிலிருந்து பின் டயர் வரை சுமார் 180 செ.மீ. இருக்கும். முன் சக்கரத்தை மட்டும் கழற்றினால் 145 சுற்றில் வரும். இரண்டு சக்கரமும் கழற்றி, முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கைப் பின்பக்கம் திருப்பினால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இந்த மூன்றாவது அளவுதான் முக்கியம். ஏனென்றால் எர்டிகா, கேரன்ஸ் வகை வண்டிகளில் பின் சக்கர மேடுகளுக்கு நடுவே உள்ள அகலமும் ஒரு மீட்டர் சுற்றில்தான் இருக்கிறது. மேட்டுக்கு மேலே இன்னும் கொஞ்சம் விரியும். அதனால் மூன்றாவது வரிசையை மடித்து, இரண்டு சக்கரமும் கழற்றிய சைக்கிளை டிக்கியில் குறுக்காகப் படுக்க வைக்கலாம். இரண்டாவது வரிசையில் மூன்று பேர் உட்காரவும் செய்யலாம். முன் சக்கரம் மட்டும் கழற்றுவேன் என்றால் நீளவாக்கில்தான் வைக்க வேண்டும். இரண்டாவது வரிசையில் ஒரு பக்க சீட்டை மடித்தாக வேண்டும். ஒரு ஆள் குறையும். உங்கள் வீட்டில் யாரை விட்டுவிட்டுப் போவீர்கள்?

29 இஞ்ச் கியர் சைக்கிளின் ஹேண்டில்பார் பெரும்பாலும் 70 செ.மீ.க்கு மேல் அகலம். அதைக் கழற்றத் தேவையில்லை. ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மில் உள்ள இரண்டு ஆலன் போல்ட்டைத் தளர்த்தி, ஹேண்டிலை ஃபிரேமோடு சேர்த்துத் திருப்பினால் போதும். சீட்டை அடிவரை இறக்குங்கள். வெளிப்பக்கம் உள்ள பெடலைக் கழற்றினால் இன்னும் இடம் கிடைக்கும். இடதுபக்கப் பெடலின் மரை தலைகீழ் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வழக்கமான திசையில் அழுத்தித் திருகினால் இன்னும் இறுகும். எங்களிடம் வருகிற சைக்கிள்களில் அந்த மரை நைந்து வருவது சகஜம். கியர் இருக்கும் வலதுபக்கம் மேலே பார்த்தபடி படுக்க வேண்டும். டிஸ்க் பிரேக் ஹைட்ராலிக்காக இருந்தால் சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு நடுவே ஒரு அட்டைத் துண்டைச் செருகுங்கள். இல்லாவிட்டால் பின்சீட்டில் இருக்கும் பையன் விளையாட்டாக லீவரைப் பிடிப்பான், பேடுகள் ஒட்டிக்கொள்ளும், பாபநாசத்தில் இறங்கியதும் சக்கரம் உள்ளே போகாது.

மகனின் 20 இஞ்ச் சைக்கிளில் பெரிய சிக்கல் இல்லை. முன் சக்கரத்தைக் கழற்றி உங்கள் சைக்கிளுக்கு மேலே ஒரு பழைய வேட்டியோ போர்வையோ விரித்துப் படுக்க வைக்கலாம். இரண்டும் சேர்ந்து ஜன்னல் மட்டத்துக்குக் கீழே நிற்கும். கழற்றிய சக்கரங்களைப் பக்கவாட்டில் நிறுத்தலாம்.

மகளின் சைக்கிளில்தான் சிக்கல். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் பதினோராம் வகுப்பில் கொடுக்கும் சைக்கிள் தினம் பள்ளிக்கு ஓட்டுவதற்கு நல்ல வண்டி. உறுதியானது, பஞ்சர் பார்ப்பவர் யாரும் கையில் எடுப்பார். ஆனால் காரில் ஏற்றுவதற்காக அதை யாரும் வடிவமைக்கவில்லை. முன்னால் கூடை, பின்னால் கேரியர், இரண்டு மட்கார்டு, செயின் கவர். சக்கரங்கள் நட்டில் நிற்கின்றன. அந்த நட்டிலேயே மட்கார்டு கம்பியும் கேரியர் கம்பியும் சேர்ந்து மாட்டியிருக்கும். பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் இவை எல்லாவற்றையும் அவிழ்த்து, செயினையும் எடுத்து, திரும்ப மாட்டும்போது சக்கரத்தை நடுவில் நிறுத்திச் செயின் இறுக்கம் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் அரை மணி நேரம். மணிமுத்தாறில் இருட்டிய பிறகு, கொசுக்கடியில், கிரீஸ் கையோடு, இன்னொரு அரை மணி நேரம். இரண்டாவது ஞாயிறு யாரும் கிளம்ப மாட்டார்கள்.

ஆகவே என் முதல் யோசனை காரைப் பற்றியதே இல்லை. வெளியூர் ஓட்டத்துக்கு மகளுக்கு ஒரு பழைய 26 இஞ்ச் சைக்கிள் வாங்குங்கள். முன்னும் பின்னும் சக்கரத்தைக் கையாலேயே கழற்ற உதவும் குவிக் ரிலீஸ் லீவர் உள்ளதாக, மட்கார்டு இல்லாததாக. பள்ளி சைக்கிள் பள்ளிக்கே இருக்கட்டும். உங்கள் சைக்கிளிலும் நட்டு இருந்தால், குவிக் ரிலீஸ் ஆக்சில் போட முடியுமா என்று சைக்கிள் கடையில் காட்டிக் கேளுங்கள். ஆக்சில் உள்ளே துளை உள்ள வகையாக இருக்க வேண்டும் என்பதால் சில ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், ஆக்சிலையே மாற்ற வேண்டியிருக்கும். அப்படியே செலவானாலும் எர்டிகாவிலிருந்து இன்னோவாவுக்குத் தாவும் தொகையோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. மூன்று சைக்கிளும் ஸ்பேனர் இல்லாமல் கழலும் என்ற நிலை வந்தால், உங்களுக்குத் தேவைப்படும் கார் ஒரு சைஸ் சின்னதாகிவிடும்.

சரி, கார். பழைய இன்னோவா, குறிப்பாகக் கிரிஸ்டா, பலருக்கும் முதலில் தோன்றுகிற பெயர். ஓடுவதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் நிற்கும் லேடர் சேஸிஸ், பின் சக்கர இழுவை, நம் ஊர் டாக்சிக்காரர்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் சைக்கிள் கண்ணோடு பார்த்தால் அதில் ஒரு குறை உண்டு. மூன்றாவது வரிசை தரையோடு மடியாது. இரண்டாகப் பிரிந்து, தூக்கி இரண்டு பக்கச் சுவரிலும் தொங்கும். உயரம் தாராளம், நீளம் தாராளம், ஆனால் குறுக்கே கிடைக்க வேண்டிய அகலத்தில் இரண்டு பக்கமும் சீட் வந்து நிற்கும். குறுக்காகப் படுக்க வைக்கலாம் என்று நான் மேலே சொன்ன வழி அதில் சரிப்படாது. நிறுத்தி வைக்கலாம், ஒரு சைக்கிள் அழகாக நிற்கும், இரண்டாவது இழுபறி. அந்த சீட்டுகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டலாமே என்பார்கள். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் இருக்கை எண்ணிக்கை வேறு, வண்டியில் இருப்பது வேறு என்றாகும். அதை நான் செய்து தருவதில்லை. 2022 கடைசியில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸில் மூன்றாவது வரிசை தரையோடு மடிகிறது. இடம் என்று பார்த்தால் இந்தக் கூட்டத்தில் அதுதான் முதல். ஆனால் அதன் விலை உங்கள் பட்டியலில் உள்ள மற்ற வண்டிகளை விட வெகுதூரம் மேலே.

எர்டிகாவும் கேரன்ஸும் உங்கள் தேவைக்குக் கிட்டத்தட்ட ஒரே பதில். எர்டிகா சுமார் 4400 மி.மீ. நீளம், 1735 அகலம். கேரன்ஸ் 4540 நீளம், 1800 அகலம். இரண்டிலும் மூன்றாவது வரிசை பாதி பாதியாகத் தரையோடு மடியும், இரண்டாவது வரிசை 60:40 ஆகப் பிரியும். கேரன்ஸில் கொஞ்சம் கூடுதல் இடம், எர்டிகாவில் ஏறி இறங்க எளிது, பராமரிப்புச் செலவு குறைவு. மலைப்பாதையில் ஐந்து பேரோடு டீசல் இழுவை வேண்டும் என்றால் கேரன்ஸில் கிடைக்கும், எர்டிகாவில் இப்போது டீசல் இல்லை. இரண்டில் எது என்று என்னைக் கேட்டால் ஆச்சி எதில் முழங்காலைப் பிடிக்காமல் ஏறுகிறாரோ அது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. சைக்கிள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏறும், ஆச்சி ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் வாரத்தில் மூன்று முறை ஏறுவார்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, சிஎன்ஜி எர்டிகா வேண்டாம். சிலிண்டர் டிக்கியில் உட்காருகிறது. மடித்த சீட்டுக்கும் அதற்கும் மட்டம் சேராது, சைக்கிள் படுக்க வேண்டிய இடமே போய்விடும். எரிபொருள் மிச்சம் என்று அதை எடுத்துவிட்டு, பிறகு சைக்கிளுக்குக் கூரையில் கேரியர் போட்டுக் காற்றுத் தடையில் அந்த மிச்சத்தைக் கரைப்பவர்கள் உண்டு. இரண்டு, நடுவில் தனித்தனியாக இரண்டு சீட் உள்ள ஆறு பேர் வண்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். உட்கார ராஜ சுகம்தான், ஆனால் அந்த சீட்டுகள் பெரும்பாலும் முழுசாகப் படுக்காது. மூன்றாவது வரிசையை மடித்ததும் உங்களுக்கு நாலு சீட்தான் மிஞ்சும், ஐந்தாவது ஆள் எங்கே?

பட்ஜெட் இறங்குமென்றால் டிரைபரையும் பாருங்கள். உங்கள் பட்டியலில் அது இல்லை. நீளம் 4 மீட்டருக்குள். மூன்றாவது வரிசை சீட்டுகளைக் கழற்றி எடுத்து வைக்கும்படியே அந்த வண்டியை வடிவமைத்திருக்கிறார்கள், அதனால் இன்னோவாவுக்குச் சொன்ன ஆட்சேபம் இங்கே இல்லை. கழற்றியதும் ஐந்து பேர் வண்டியாகி, பின்னால் ஆழமான குழி போல இடம் கிடைக்கும். சைக்கிள் பிரியர்களுக்கு இந்த விலையில் இதற்கு இணையான இடம் கிடைப்பது அரிது. குறை எஞ்சின். 1 லிட்டர், மூன்று சிலிண்டர். ஏசி போட்டு, ஐந்து பேரும் சைக்கிளும் ஏற்றி, பாபநாசத்துக்கு மேலே காரையாறு ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முனகும். கூந்தன்குளம், திருச்செந்தூர் மாதிரி சமவெளி ஓட்டத்துக்குத் தாராளம்.

4 மீட்டர் என்றதும் ஒன்று. நம் நாட்டில் பல கார்களின் பின்பக்கம் கத்தியால் வெட்டியது போல நின்றுவிடுவதற்கு வடிவமைப்பாளர் மட்டும் காரணமில்லை, வரி ஒரு பெரிய காரணம். 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் அடங்கும் சின்ன கார்களுக்கு உற்பத்தி வரி குறைந்தது. இன்றும் அந்தக் கோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள், பெட்ரோல் 1200 சிசிக்குள் அல்லது டீசல் 1500 சிசிக்குள் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. அந்தக் கோட்டுக்குள் நிற்க முதலில் பலியாவது டிக்கி. அதனால்தான் உயரமாக, கம்பீரமாக நிற்கும் சின்ன எஸ்யூவி பலவற்றில் சைக்கிள் ஏறுவதில்லை. வெளியே பார்த்தால் பெரிய வண்டி, கதவைத் திறந்தால் ஹேட்ச்பேக். செடான் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எதை வாங்கினாலும் பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போனால் புது வண்டியின் உள்ளே ஏற்ற விடமாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் போடுங்கள். உங்கள் சைக்கிளை இரண்டு சக்கரமும் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, அட்டையின் மேல் படுக்க வைத்து, மார்க்கரால் சுற்றி வரைந்து வெட்டி எடுங்கள். ஃபோர்க் முனை, கியர் தொங்கும் இடம், சீட் நுனி எல்லாம் அந்த அட்டையில் வரட்டும். படுக்க வைத்தபோது தரையிலிருந்து எவ்வளவு உயரம் வந்தது என்பதை அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். டெஸ்ட் டிரைவ் வண்டியில் மூன்றாவது வரிசையை மடிக்கச் சொல்லி, அந்த அட்டையை உள்ளே போட்டுப் பாருங்கள். போடும்போது இரண்டாவது வரிசை முதுகு, ஆச்சி சாய்ந்து உட்காரும் சாய்வில் இருக்க வேண்டும். நேராக நிமிர்த்தி வைத்து அளந்தால் ஐந்து செ.மீ. பொய்யாகக் கிடைக்கும். அப்புறம் டிக்கி கதவை மூடிப் பாருங்கள். கதவின் உள்பக்கம் கண்ணாடிக்குக் கீழே உள்ள புடைப்பு உள்ளே எவ்வளவு வருகிறது என்பது மூடினால்தான் தெரியும். திறப்பின் அகலத்தை அடியில் அளந்து பாருங்கள். மேலே தாராளமாக இருந்து அடியில் விளக்குகள் குறுக்கும் வண்டிகள் நிறைய.

உள்ளே ஏற்றும்போது கட்டாமல் விடாதீர்கள். 15 கிலோ இரும்பு, 80 கி.மீ. வேகத்தில் திடீர் பிரேக் போட்டால் எங்கே போகும்? பின் வரிசையில் இருக்கும் மூன்று தலைகளுக்குத்தான். டிக்கி தரையில் கொக்கிகள் இருந்தால் ராட்செட் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டுங்கள். சைக்கிள் கடையில் பழைய டியூபை நீளவாக்கில் வெட்டித் தருவார்கள். அந்த ரப்பர் நாடா, சக்கரம் கடகடக்காமல் சேர்த்துக் கட்ட அருமையானது, ஆனால் முக்கியக் கட்டு பெல்ட்டாக இருக்கட்டும். ரப்பர் இழுபடும், விபத்தில் தாங்காது. டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் முழு பாரத்துக்கான டயர் காற்று அளவு தனியாகப் போட்டிருக்கும். ஐந்து பேரும் சைக்கிளும் என்றால் அந்த அளவுதான் வைக்க வேண்டும்.

இப்போது மூன்றாவது சைக்கிள். உள்ளே இரண்டு போக, மூன்றாவதுக்குக் கூரையா, பின்னாலா? இதில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததும் இருக்கிறது, ஆளுக்கு ஆள் மாறுவதும் இருக்கிறது. உறுதியானது இது: கூரையில் நீளவாக்கில் தெரியும் கம்பியை நம்பி எதையும் மாட்டாதீர்கள். பல மாடல்களில் அது அழகுக்காக ஒட்டியது. ஓனர் மேனுவலில் கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று பாருங்கள். எழுதியிருக்கும் எண்ணில் கேரியரின் எடையும் சேர்த்தி. பட்டறையில் வெல்டிங் செய்து தரும் இரும்புக் கேரியரே பெரிய எடை வந்துவிடும். சைக்கிளுக்கென்று குறுக்கே போடும் இரண்டு அலுமினியக் கம்பியும் ஒரு சைக்கிள் தட்டும் போதும்.

எவ்வளவு உயரமான கார் வாங்குகிறீர்களோ அவ்வளவு கஷ்டம் கூரையில் ஏற்றுவது. 1690 மி.மீ. உயர எர்டிகாவிலேயே, தோள் உயரத்துக்கு மேலே 15 கிலோவைத் தூக்கி நிறுத்த வேண்டும். உங்கள் மனைவியோ மகளோ தனியாகச் செய்ய முடியுமா என்று யோசியுங்கள். அதோடு நிற்கும் சைக்கிள் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் சேர்க்கிறது, தட்டின் உயரமும் உண்டு. மொத்தம் 2.8 மீட்டரைத் தாண்டும். ரயில்வே சுரங்கப்பாதை வாசலில் இரும்புக் குறுக்குக் கம்பி, ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழ்த்தளம், தாழ்ந்து கிடக்கும் புளியமரக் கிளை, எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் சொந்த வீட்டுப் போர்டிகோ. என்னிடம் வண்டி விடும் ஒருவர் திருச்செந்தூர் வரை பத்திரமாகப் போய்த் திரும்பி, களைப்பில் நேராகப் போர்டிகோவுக்குள் ஏற்றினார். சைக்கிள் பிழைத்தது. கூரைத் தகடு இரண்டு இடத்தில் உள்ளே போனது. அதற்கு ஒரு எளிய வழி: கூரையில் சைக்கிள் இருக்கும் நாளில் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள்.

காற்றைப் பற்றி நம் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் மேற்கிலிருந்து கொட்டும் காற்றுக்காகத்தான் இத்தனை காற்றாலைகள் இங்கே நிற்கின்றன. தேசிய நெடுஞ்சாலை 44 இல் நான்குநேரி தாண்டிப் பணகுடி, காவல்கிணறு பக்கம் போகும்போது அந்தக் காற்று வண்டியின் பக்கவாட்டில் அறையும். கூரையில் நிற்கும் சைக்கிள் அதைப் பாய் போல வாங்கிக்கொள்ளும். கன்னியாகுமரிப் பயணத்தை அந்த மாதங்களில் கூரையில் சைக்கிளோடு வைத்துக்கொள்ள வேண்டாம். வைத்தால் 70 ஐத் தாண்டாதீர்கள். பாபநாசம் போகும் வழியில் அந்த அளவுக்கு வெட்டவெளி இல்லை. எந்தத் திசையில் போனாலும் கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி எல்லாக் கட்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். புதிதாக மாட்டிய கிளாம்ப் முதல் ஓட்டத்தில்தான் தளரும். சேரன்மகாதேவியில் டீ குடிக்க நிறுத்துவது இதற்குத் தோதாக அமையும்.

டிக்கி கதவில் பெல்ட்டால் கட்டித் தொங்கவிடும் ரேக் விலை குறைவு, ஏற்றுவது எளிது, கழற்றி மடித்து வைக்கலாம். ஒரு சைக்கிளுக்கு, சமதளச் சாலைக்கு நான் அதை மறுக்க மாட்டேன். ஆனால் டிக்கிக்கு மேலே பிளாஸ்டிக் ஸ்பாய்லர் உள்ள வண்டியில் பெல்ட் கொக்கி அந்தப் பிளாஸ்டிக்கைத்தான் இழுக்கும், அது கீறும், காலப்போக்கில் விரியும். பெண்பிள்ளைகள் சைக்கிளில் மேல் குழாய் கிடையாது, ரேக்கின் கையில் அது நேராகத் தொங்காது. ஒரு குறுக்குக் கம்பி தனியாக வாங்கி மாட்ட வேண்டும். ரிவர்ஸ் சென்சார் ஓயாமல் கத்தும். ஸ்டெப்னி பின் கதவில் தொங்கும் வண்டி வாங்குகிறவர்களுக்கு, அந்த ஸ்டெப்னியிலேயே மாட்டும் ரேக் உண்டு. அது பெல்ட்டை விட உறுதி. ஆனால் கதவுக் கீல் ஸ்டெப்னியைத் தாங்கத்தான் செய்தது, மேலே இரண்டு சைக்கிள் ஏற்றி மேடு பள்ளத்தில் அடித்தால் கதவு இறங்கிவிடும். ஒன்றோடு நிறுத்துங்கள்.

சட்டம் பற்றி. பின்னால் தொங்கும் சைக்கிள் நம்பர் பிளேட்டையோ விளக்கையோ மறைக்கக் கூடாது, இதில் இரண்டாவது பேச்சு இல்லை. வண்டியின் பக்கவாட்டு விளிம்பை விட்டுச் சரக்கு வெளியே நீளக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கு அபராதம் 20,000 ரூபாய், இறக்கி வைக்கும் செலவு தனி. சக்கரம் மாட்டியபடியே ஒரு 29 இஞ்ச் சைக்கிளைப் பின்னால் தொங்கவிட்டால் 180 செ.மீ. நீளம், எர்டிகாவின் அகலம் 173.5. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தைக் கழற்றினால் பிரச்சினை இல்லை. வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. சேஸிஸில் துளை போட்டு, பின்னால் இழுவைக் கொக்கி வெல்டிங் செய்து அதில் ரேக் மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது, விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். கழற்றி மாட்டும் கேரியரைச் சாலையில் நிறுத்திக் கேட்பார்களா என்றால் அது நிற்கிற அதிகாரியைப் பொறுத்தது. இதில் நான் உறுதி தர முடியாது. கட்டு சுத்தமாக, விளக்கு தெரிய இருந்தால் பெரும்பாலும் கையசைத்து அனுப்பிவிடுகிறார்கள்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால்: எர்டிகா பெட்ரோல், அல்லது ஆச்சிக்கு ஒத்துக்கொண்டால் கேரன்ஸ். புதிதா பழையதா என்பது உங்கள் கையிருப்பு. உள்ளே உங்கள் சைக்கிளும் மகனுடையதும். மகளுக்கு அந்தப் பழைய 26 இஞ்ச் வாங்கினால், மூன்றும் சக்கரம் கழன்று உள்ளேயே அடங்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. அட்டை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அடங்கினாலும் கண்ணாடி மட்டத்துக்கு மேலே போகும், உள் கண்ணாடியில் பின்னால் தெரியாது, பக்கக் கண்ணாடிகளை வைத்து ஓட்டப் பழக வேண்டும். அடங்காவிட்டால் அதை மட்டும் கூரையில் ஒற்றைத் தட்டில். பள்ளி சைக்கிளைத்தான் கொண்டுபோக வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால், சாதாரண லக்கேஜ் கேரியரில் அதைத் தலைகீழாக, ஹேண்டிலும் சீட்டும் கீழே படும்படி, அடியில் ரப்பர் ஷீட் போட்டு நாலு மூலையிலும் கட்டுங்கள். கூடையை மட்டும் கழற்றிவிடுங்கள். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது, ஆனால் நிமிர்ந்து நிற்பதை விட உயரமும் காற்றும் குறைவு.

மின்சாரக் காரில் கேரியர் மாட்டிக் கொடுத்த அனுபவம் எனக்குப் போதாது, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. விலையும் எழுதவில்லை. மாதத்துக்கு மாதம் சலுகை மாறுகிறது, வண்ணார்பேட்டை ஷோரூமில் இன்று சொல்வது நாளை இருக்காது.

கூந்தன்குளத்துக்குப் போகிறீர்கள் என்றால் ஜனவரிக்குப் பிறகு போங்கள், பறவைகள் இருக்கும். ஊருக்குள் மெதுவாக ஓட்டுங்கள், மணி அடிக்காதீர்கள். மணிமுத்தாறில் அணைக்குக் கீழே உள்ள வயல் சாலைகள் பிள்ளைகளுக்கு ஏற்றவை. பாபநாசத்துக்கு மேலே வனத்துறைச் சோதனைச்சாவடி தாண்டினால் புலிகள் காப்பகம். அங்கே சைக்கிளை இறக்கி ஓட்டலாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், சாவடியிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் சைக்கிளின் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் நட்டா, லீவரா, ஊடே போகும் தடித்த ஆக்சிலா என்று பார்த்து எழுதுங்கள். முன் ஆக்சில் தடித்தது என்றால், முன் ஃபோர்க்கைப் பிடிக்கும் வகைக் கூரைத் தட்டு வாங்கும்போது அதற்கான அடாப்டர் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.